பாறைக்கு அடியில் நனையாத இடம்

என் மகனுக்கு, தென்காசியிலிருந்து அம்மா எழுதுகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மதியத் தபாலில் வந்தது. கடிதத்தைவிட அதற்குள் நான்காக மடித்து வைத்திருந்த பயணத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலியில் ரயில் ஏறும் நேரம், மணியாச்சியில் வண்டி மாறும் நேரம், தூத்துக்குடியில் கப்பலுக்குக் கொண்டுபோய் விடும் படகு புறப்படும் நேரம், கொழும்பில் இறங்கும் நேரம், அங்கிருந்து கண்டிக்குப் போகும் வண்டி என்று எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதியிருக்கிறாய். நடுவில் ஆறு கட்டங்களை வெறுமையாக விட்டு, அடியில் ‘இந்த நாட்கள் மனம் போனபடி’ என்று ஒரு வரி. கடற்கரையோடு நடப்பாயாம். யாராவது மலையேறப் போனால் சேர்ந்துகொள்வாயாம். ஆறு கண்ணில் பட்டால் இறங்கிக் குளிப்பாயாம். துணைக்கு ஆள் இல்லை, யாருடைய ஏற்பாடும் இல்லை, நீயே உனக்கு வழிகாட்டி. உன் அத்தை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, “இது என்ன மைனி, பாதிக் கட்டம் சும்மா கெடக்கு?” என்றாள். ஊர் சுற்றுவதற்கு என்றேன். “ஊர் சுத்துததுக்கு எவனாவது கட்டம் போடுவானா? படிக்க வச்சா இப்படித்தான்” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அரிசி களைந்துகொண்டே அவள் இன்னொன்றைச் சொன்னாள். போன விடுமுறையில் நீ அவளிடம் தனியாக, அப்பாவுக்கு வேலை கிடைத்திருந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரைக் கேட்டாயாம். நினைவில் இருந்த மட்டும் அவள் சொன்னாளாம், நீ அதை எழுதி வைத்துக்கொண்டாயாம். “அம்மாட்ட சொல்லாதீங்க அத்தை” என்றும் சொன்னாயாம். வெறும் கட்டங்கள் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நீ மலையையும் கடலையும் பார்க்கப் போகவில்லை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் கப்பலேறிப் போய் ஒரு வரிகூட எழுதாத ஒரு மனிதரைத் தேடப் போகிறாய்.

தேடாதே என்று எழுத உட்கார்ந்தேன். அந்த ஒரு சொல்லோடு கடிதத்தை முடிக்க முடியவில்லை. எனக்கு முப்பத்தாறு வயதாகிறது. உனக்குத் தெரிந்த அம்மா, மடியில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிறவள். எங்கள் அப்பா வீட்டு அலமாரியிலிருந்து கொண்டுவந்த புத்தகங்களை நான் எத்தனை தடவை படித்தாலும் உன் அத்தை கேலி செய்வாள். முடிவு தெரிந்த கதையை எதற்குத் திரும்பப் படிக்கிறீர்கள் என்பாள். முடிவு தெரியாத கதை ஒன்று எனக்குள் இருப்பதால்தான் என்று நான் அவளிடம் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லுகிறேன். உன் அப்பா கப்பல் ஏறவில்லை. தூத்துக்குடிக்கே போகவில்லை.

உன் அப்பாவுக்கும் உன்னைப் போலவே கட்டம் போடும் பழக்கம் உண்டு. கொழும்புக்குப் போகும் கப்பல் ஒரு வியாழக்கிழமை என்று முடிவானவுடன், அதற்கு முந்தைய பத்து நாட்களைத் தாளில் வரைந்து, யாரிடம் சொல்லிக்கொள்வது, எப்போது துணி வெளுக்கப் போடுவது என்று நிரப்பினார். மூன்று நாட்களை விட்டுவிட்டார். “திட்டமில்லாத நாளுக்குத்தான்ட்டி முதல்ல திட்டம் போடணும். இல்லன்னா ஊர்க்காரன் வந்து அதையும் நெறச்சிடுவான்” என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. நான் வாழ்ந்த வீடுகளில் எந்த நாளும் எனக்கென்று வெறுமையாக விடப்பட்டதில்லை. காலையில் எழுந்து சுந்தரபாண்டியபுரத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போய் வயல்வெளியைப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் வருகிற மனிதருக்கு நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். அவருக்கு ஒரே ஒரு குற்றம். கூட வந்தவர்களை விட்டுவிட்டு வேறு வழியாக வீட்டுக்கு வந்துவிடுவார். நாம் தேடிக் களைத்து வந்து சேரும்போது, முற்றத்தில் கால் கழுவிக்கொண்டு, “எங்கன போய்த் தொலஞ்சீங்க?” என்று நம்மையே கேட்பார்.

அந்தத் திங்கட்கிழமை வெறும் நாட்களில் ஒன்று. ஆனி முடியும் சமயம். காலையிலிருந்தே சாரல். மலை தெரியவில்லை, மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. “கெளம்புங்க, அருவிக்குப் போவோம்” என்றார். உனக்கு இரண்டு வயது. உன்னைத் தாத்தாவிடம் விட்டுவிட்டு நானும் அவரும் உன் அத்தையும் புறப்பட்டோம். அத்தைக்கு அப்போது பதினாறு. அப்போதுதான் இங்கே மோட்டார் பஸ் வந்திருந்தது. ஆனாலும் நம் வீட்டு வண்டியில்தான் போனோம். வண்டி ஓட்டியவர் சுடலை, நம் வயலையும் பார்த்துக்கொண்டவர். குற்றாலத்துக் கடைத்தெருவில் உன் அப்பா மங்குஸ்தான் வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டார். பேரருவியில் கூட்டம் தாங்கவில்லை. “செண்பகாதேவிக்கு ஏறிடலாம்” என்றார். அதுவும் அந்த நிமிஷத்தில் தோன்றியதுதான்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் மற்றது விளங்காது. செண்பகாதேவிக்கு ஏறும் பாதையின் அடியில் அந்த நாளில் ஒரு சுக்குக் காப்பிக் கடை இருந்தது. சாரல் மாதத்தில் மலைக்குப் போகிறவர்கள் மாற்றுத் துணியை மேலே கொண்டுபோகமாட்டார்கள். கொண்டுபோனால் அதுவும் நனைந்துவிடும். கடையின் உள்ளே ஒரு நீளமான கயிற்றுக் கொடி கட்டியிருக்கும். ஆளுக்கொரு துணியை அதில் போட்டுவிட்டு ஏறுவார்கள். இறங்கி வந்து தங்கள் துணியை எடுத்து உடுத்துக்கொண்டு, ஒரு சுக்குக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். கடைக்காரர் ஆளைப் பார்க்கமாட்டார். யார் போனார், யார் வந்தார் என்று அவருக்குத் தெரியாது. பொழுது சாயும்போது கொடியை மட்டும் பார்ப்பார். துணி ஏதும் மிச்சம் கிடந்தால், மேலே ஆள் இருக்கிறது. உடனே, அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் இரண்டு பேர் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஏறுவார்கள். கொடி காலியாக இருந்தால் கடையைச் சாத்திவிடுவார். எத்தனையோ பேரை அந்தக் கொடி காப்பாற்றியிருக்கிறது என்று சொல்லுவார்கள். உன் அப்பா தன்னுடைய பச்சைக் கரை வேட்டியை உள்பக்கமாகப் போட்டார். அத்தை அவள் தாவணியையும் பாவாடையையும் போட்டாள். நான் என் சேலையை வாசல் ஓரமாகப் போட்டேன். இடம் அவ்வளவுதான் இருந்தது.

ஏறும்போது ஒரே சிரிப்பு. உன் அப்பா முன்னால் போய் மரத்தின் பின்னே நின்றுகொண்டு அத்தையைப் பயமுறுத்துவார். “ஏ அண்ணே, சின்னப் பிள்ளையா நீ? நாளைக்குத் தொரைமாருக்கு முன்னால போய் நிக்கப் போற” என்று அவள் திட்டுவாள். அருவியில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். குளித்து முடித்தபோது மேகம் இறங்கிவிட்டது. நீ மேகத்துக்குள் நின்றிருக்கிறாயா என்று தெரியவில்லை. பக்கத்தில் இருக்கிறவரின் முகம் தெரியும், பாதம் தெரியாது. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. அருவியே ஒரு தடவை இடப் பக்கமும் ஒரு தடவை தலைக்கு மேலேயும் விழுவதுபோல் இருந்தது. இறங்கலாம் என்று நான் சொன்னேன். “நீங்க மெதுவா எறங்குங்க. தேனருவிப் பாதை எங்கன பிரியுதுன்னு பாத்துட்டு அஞ்சு நிமிசத்துல பின்னாலயே வாரேன்” என்றார். அவர் எப்போதும் சொல்லுகிற அஞ்சு நிமிஷம்தான். அவர் வெள்ளைக்குள் நாலு எட்டு வைத்தார், பிறகு அங்கே யாருமில்லை.

நாங்கள் இறங்கத் தொடங்கிக் கொஞ்ச தூரம் வந்ததும் பின்னால் நடை கேட்டது. ஈர இலையில் கால் வைக்கிற சத்தம். அத்தை திரும்பாமலே, “வந்துட்டியா?” என்றாள். “ம்” என்று பதில் வந்தது. இருவருக்குமே கேட்டது. அவள் வழி முழுவதும் அவரோடு பேசிக்கொண்டே வந்தாள். கொழும்பிலிருந்து அவளுக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று ஒரு பட்டியல் சொன்னாள். நடுநடுவே “ம்” வந்தது. வழுக்குகிற இடங்களில் நாங்கள் நின்றால் அந்த நடையும் நின்றது. பாதை ஒரே ஆள் போகிற அகலம். காலைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். நாங்கள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடையின் கூரை தெரிந்த பிறகுதான் நான் திரும்பினேன். பாதையில் மேகம் மட்டும் எங்கள் பின்னாலேயே இறங்கி வந்துகொண்டிருந்தது.

இதோ வந்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். கடைக்காரர் பின்கட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தார். காற்று திரும்பி அடித்ததில் வாசல் ஓரம் போட்டிருந்த என் சேலை சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. அத்தை உடை மாற்றிக்கொண்டாள். எனக்குப் பல் கிட்டியது. உள்பக்கம் கிடந்த பச்சைக் கரை வேட்டியை எடுத்து ஈரச் சேலைக்கு மேலே போர்த்திக்கொண்டேன். அவர் வந்ததும் கொடுத்துவிடலாம், பத்தடி பின்னால்தானே வருகிறார் என்று எண்ணினேன். என் நனைந்த சேலையையும் சுருட்டி எடுத்துக்கொண்டேன். கொடியில் நாங்கள் போட்டது எதுவும் மிச்சம் இல்லை.

வெகுநேரம் நின்றோம். அப்போது, கடைத்தெருப் பக்கம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் மேகத்துக்குள் குறுக்கே போனார். அவர் உயரம், அவர் நடை. அத்தை, “அண்ணே” என்று கூப்பிட்டாள். அந்த ஆள் திரும்பாமல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். “பாத்தீயளா மைனி, வேற வழியா எறங்கிட்டான். நம்மள நிக்க வச்சுட்டு இவன் நடந்தே வீட்டுக்குப் போறான்” என்று அவள் கோபமாக வண்டியில் ஏறினாள். எத்தனையோ தடவை அவர் செய்ததுதானே. நானும் ஏறினேன். வேட்டியைப் போர்த்தியபடியே வீட்டுக்கு வந்தேன்.

அன்று அவர் வரவில்லை. தாத்தா திட்டிக்கொண்டே படுத்தார். செவ்வாய்க்கிழமை காலையில் சுடலையைக் குற்றாலத்துக்கு அனுப்பினார். அவர் திரும்பி வந்து வாசலில் நின்று சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். “அய்யா, கடைக்காரர்ட்ட கேட்டுட்டேன். நேத்து கொடி காலியாம். ஏறுன எல்லாரும் எறங்கிட்டாவளாம்.” தாத்தாவின் முகம் தெளிந்துவிட்டது. “அப்பம் மேல இல்ல. எவன் வீட்டுலயோ சீட்டாடிக்கிட்டு இருக்கான்” என்று, இலஞ்சிக்கும் செங்கோட்டைக்கும் ஆள் அனுப்பினார். ரயிலடியில் விசாரித்தார்கள். அச்சன்புதூரில் அவருடைய சிநேகிதர் வீட்டுக்குப் போனார்கள். தரையில் எல்லாத் திசையிலும் தேடினார்கள். மலையை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. கொடி காலி என்பது அவர்களுக்கு அவ்வளவு உறுதியான பேச்சு. அந்த நேரத்தில் பச்சைக் கரை வேட்டி நம் வீட்டுப் பின்முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து நான் நின்ற இடம் பத்து எட்டுகூட இருக்காது.

எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று நீ கேட்பாய். நானும் பதினேழு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அத்தை அவரைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவர் எப்போதும் திரும்பி வருகிறவர். இவை நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்கள். உண்மையான காரணம் சின்னது. மருமகள், புருஷனின் வேட்டியைப் போர்த்திக்கொண்டு குற்றாலத்துக் கடைத்தெரு வழியாக வண்டியில் வந்தாள் என்பதை மாமனார் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இதற்காகவா என்று உனக்குத் தோன்றும். பத்தொன்பது வயதில், அந்த வீட்டில், இதற்காகத்தான். அன்று மாலைக்குள் வந்துவிடுவார், வந்தால் இதைச் சொல்ல வேண்டியே இராது என்று செவ்வாய்க்கிழமை முழுவதையும் கடத்தினேன். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

புதன்கிழமை விடிந்ததும் தொழுவத்துக்குப் போய், வண்டியில் நான் போர்த்தி வந்தது அவர் கொடியில் போட்ட வேட்டி என்று சுடலையிடம் சொன்னேன். சுடலை கையிலிருந்த மாட்டுக் கயிற்றை முளையில் கட்டினார். பிறகு, “தாயி, நீங்க உள்ள போங்க” என்றார். அவரும் தாத்தாவும் மலைக்குப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் வந்தார்கள். தாத்தா என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்று: “அருவியில வெள்ளம். ஒண்ணும் தெரியல.” மறுநாள், கப்பல் நாளன்று காலையில், அவர் கூடத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி, “அவன் நேரே தூத்துக்குடிக்குப் போயிட்டானாம். கப்பலேறிட்டான். சொல்லிக்காமப் போன பயலைப் பத்தி இந்த வீட்டுல இனி யாரும் பேசப்படாது” என்றார். அத்தை நம்பினாள்; அவள் கை தூக்கிய ஆளைப் பார்த்தவள் அல்லவா. ஊரும் நம்பியது. நீ வளர்ந்து கேட்டபோது அவளே உனக்கும் சொன்னாள். அவள் உன்னிடம் பொய் சொல்லவில்லை. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேனோ என்னவோ. அந்தத் திங்கட்கிழமையே, எங்களை விட்டுப் பிரிந்த ஐந்தாவது நிமிஷமே, அவர் வழுக்கி வெள்ளத்தில் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் என் மௌனத்தால் எதுவும் மாறியிருக்காது. இந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் உன்னை வளர்த்தேன். உனக்கு ஏழு வயதில் தாத்தா இறந்தார். பதினாறாம் நாள் சடங்கு முடிந்து எல்லாரும் போன பிறகு சுடலை பின்வாசலில் வந்து நின்றார். “அய்யா இருக்கும்மட்டும் சொல்லப்படாதுன்னு இருந்தேன் தாயி. இனிமேலும் நான் இதைச் சொமக்க முடியாது” என்று சொல்லத் தொடங்கினார்.

தேனருவிப் பாதைக்கு மேலே, பாதையை விட்டு விலகி, ஒரு பாறை முன்னுக்குத் துருத்திக்கொண்டு நிற்கிறதாம். மலை முழுதும் ஊறிக் கிடந்த அந்த நாளில் அதன் அடியில் மட்டும் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு நனையாத இடம். அங்கே இலைகளைப் பறித்து விரித்திருந்தது. இலைகள் நசுங்கி ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்த வடிவத்தில் பதிந்திருந்தன. ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்ததாம். மற்றக் காலை ஊன்ற முடியாதவன் உட்கார்ந்த மாதிரி. சுற்றிலும் மங்குஸ்தான் தோல், சில வாடியது, சில வாடாதது. “எலையில கைய வச்சுப் பாத்தேன் தாயி. சூடு இருந்த மாதிரி இருந்துது. எனக்கு அப்படித் தோணிச்சோ என்னமோ” என்றார். அங்கிருந்து, ஒருவன் காலை இழுத்துக்கொண்டு தவழ்ந்து போனதுபோல், அருவிப் பக்கமாகப் புல் இழுபட்டிருந்தது, பாறை விளிம்புவரைக்கும். அதற்கு அப்புறம் தண்ணீர்தான். அங்கே நின்றுகொண்டு தாத்தா சொன்னாராம்: “மருமவப் புள்ளைக்கு இது தெரியப்படாது. அவன் கப்பலேறிட்டான்னே இருக்கட்டும். துணிய யார் எடுத்தான்னு எவனும் கேக்கப்படாது பாரு.”

ஆக, செவ்வாய்க்கிழமை முழுதும் உன் அப்பா உயிரோடு அந்தப் பாறைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். கால் ஒடிந்திருக்க வேண்டும். கொடியில் தன் வேட்டி கிடக்கிறது, பொழுது சாய்ந்தால் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஆள் வரும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் இலையை விரித்துக்கொண்டு, மங்குஸ்தானைச் சிக்கனமாகத் தின்றுகொண்டு, நகராமல் காத்திருந்தார். அவர் செய்தது எல்லாம் சரி. தகரச் சத்தம் வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பின்னால் நடை கேட்கத் தொடங்கியது. பேய் பிசாசு என்று நினைத்துக்கொள்ளாதே; நான் அவற்றை நம்புகிறவள் இல்லை. நம் ஊர்க் கோயிலின் மொட்டைக் கோபுரத்து வாசலில் காற்று அடிக்கும்போது, கூட்டத்துக்கு நடுவில், ஈர இலையில் கால் வைக்கிற மாதிரி ஒரு சத்தம். நான் நின்றால் அதுவும் நிற்கும். முன்பு நான் திரும்புவதில்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன். ஒருவரும் இருப்பதில்லை. அன்று எங்கள் பின்னால் இறங்கியது என்ன என்று எனக்கு இன்றும் தெரியாது. மேகத்தில் எங்கள் காலடியே எங்களுக்குத் திரும்பிக் கேட்டிருக்கலாம். அந்த “ம்” மட்டும் எதில் சேர்த்தி என்று எனக்கு விளங்கவில்லை. கை தூக்கியது யாரோ ஒரு யாத்திரைக்காரராக இருக்கும். ஒரு பெண்பிள்ளை கூப்பிட்டாளே என்று கை காட்டிவிட்டுப் போயிருப்பார். அந்தப் பச்சைக் கரை வேட்டி என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கோடையில் எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் சாரல் மாதத்தில் அது ஈரமாகிவிடுகிறது. எல்லாத் துணியும் அப்படித்தான் ஆகிறது. தெரியும். இருந்தாலும் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறேன்.

இனி உன் பயணத்துக்கு வருகிறேன். போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கப்பல் பயணத்தைப் பற்றிப் புத்தகத்தில் படித்துப் படித்தே பொழுதைக் கழித்தவள் நான். ஒருவராவது உண்மையாகக் கடலைத் தாண்ட வேண்டும். வெறும் கட்டங்களையும் நிரப்பாதே. முன்கூட்டித் தெரியாத ஒரு காலை நேரம் எவ்வளவு பெரிய வரம் என்று உன் அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன், அதை இன்றும் குறை சொல்லமாட்டேன். போகிற இடத்தை முடிவு செய்யாமல் இரு. திரும்புகிற நேரத்தை மட்டும் முடிவு செய். தங்குகிற இடத்தில் ஒரு மனிதரிடம், எந்தத் திசையில் போகிறாய், எப்போது வரவில்லை என்றால் தேட வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போ. அவர் உன் முகத்தை நினைவு வைத்திருக்க வேண்டும். துணி, பெட்டி, சாவி எதுவும் உனக்காகப் பேசாது. பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், நல்ல எண்ணத்தோடே எடுத்துவிடலாம். கூட வருகிறவர்கள் இருந்தால் கடைசி ஆளை முன்னால் விட்டு நீ பின்னால் வா. மலையில் மேகம் இறங்கினால் புதிய பாதை எதையும் பார்க்காதே. அது நாளைக்கும் அங்கேயே இருக்கும். உனக்கு ஏதாவது தவறு தெரிந்தால், அது எவ்வளவு வெட்கமான தவறானாலும், அந்த நிமிஷமே சத்தமாகச் சொல். ஒரு நாள் பொறுத்துச் சொல்லலாம் என்று மட்டும் வைத்துக்கொள்ளாதே.

தோட்டம் தோட்டமாகப் போய் அவர் பெயரைக் கேட்காதே. கேட்டால், அப்படி ஒருவரைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்று யாராவது சொல்லுவார்கள். எந்த ஊரிலும் அப்படிச் சொல்ல ஒருவர் இருப்பார். பிறகு உன் வாழ்நாள் முழுதும் அந்த ஆளின் பின்னால் போய்விடும். அந்த ஆறு நாட்களும் உன்னுடையவை. கடற்கரையோடு நட. ஆற்றில் இறங்கிக் குளி. நீ திரும்பி வந்த பிறகு, தை மாதத்தில், மலை காய்ந்திருக்கும்போது, சுடலை நம் இருவரையும் அந்தப் பாறைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு இப்போது மூட்டு வலி. ஆனாலும் ஏறிவிடுவேன் என்கிறார். பதினேழு வருஷமாகச் செய்யாமல் விட்டதை அங்கே நீதான் செய்ய வேண்டும். மகன் செய்ய வேண்டியதை வேறு யாரும் செய்ய முடியாது. மாட்டேன் என்று நீ சொன்னால் நான் வற்புறுத்தமாட்டேன்.

நேற்று உன் அத்தையிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், “உங்களுக்கு வேணும்னா அவன் செத்தவன். நான் பாத்தேன் மைனி. கையைத் தூக்கினான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இன்று காலையில் நான் குளித்துவிட்டுப் பொட்டு வைத்துக்கொள்ளவில்லை. பூ விற்கிறவள் வந்தபோது வேண்டாம் என்றேன். அத்தை அடுக்களையிலிருந்து வெளியே வந்து என் நெற்றியைப் பார்த்தாள், பூக்காரியிடம் தனக்கு மட்டும் வாங்கிக்கொண்டாள். நீ வரும்போது இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு விதமாக இருப்போம். அதிர்ந்துபோகாதே, இருவரோடும் ஒன்றுபோல் பேசு.

என்மேல் உனக்கு என்ன கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது. வராமல் இராது. கோபம் தீர்ந்த பிறகு வரலாம் என்று எங்கேயும் தங்கிவிடாதே, கோபத்தோடேயே வா. எந்த நாள், எந்த வண்டியில் வருகிறாய் என்று மட்டும் முன்கூட்டி ஒரு கார்டு போடு. அந்த வண்டி வந்து, நீ அதிலிருந்து இறங்கவில்லை என்றால், நான் வீட்டுக்குத் திரும்பாமல் ரயிலடியிலிருந்தே தேடத் தொடங்குவேன்.

அம்மா